பெங்களூரில் நிற்கும் திருச்சி வண்டி, முடியப்போகும் லைசென்ஸ்: எதை முதலில் செய்வது?

காவிரிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். செங்காங்கில் இருக்கிறேன். போன ஆகஸ்ட் 3-ஆம் தேதி வேலை அனுமதியில் சிங்கப்பூர் வந்தேன். கணவரும் மகனும் அக்டோபரில் வந்து சேர்ந்தார்கள். வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் சொந்த ஊர் திருச்சி, உறையூர். 2006 ஆகஸ்டில், கல்லூரி மூன்றாம் ஆண்டில், அப்பா கூட்டிப்போய் லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தார். அப்போது 20 வருஷத்துக்குக் கொடுத்தார்கள். 17.08.2026 வரை செல்லும் என்று போட்டிருக்கிறது. முகவரி அப்பா வீடு.

2019 ஜனவரியில் திருச்சியிலேயே ஒரு மாருதி ஸ்விஃப்ட் வாங்கினேன். டிஎன் 45 நம்பர். 2021-இல் வேலை மாறிப் பெங்களூர் போனபோது வண்டியையும் ஓட்டிக்கொண்டு போனோம். அப்புறம் அது அங்கேயேதான் இருக்கிறது. கர்நாடகா நம்பருக்கு மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் நினைப்பேன், செய்யவில்லை. இப்போது என் தம்பி அதை ஓட்டுகிறான். அவன் எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறான். குழந்தை பிறந்து ஆறு மாதம் ஆகிறது, அவனுக்கு வண்டி கட்டாயம் வேண்டும்.

போன வாரம் ஓசூர் ரோட்டில் ஒரு சோதனையில் நிறுத்தி, வண்டி எத்தனை நாளாகக் கர்நாடகாவில் இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். அவன் உண்மையைச் சொல்லிவிட்டான். பேரையும் நம்பரையும் குறித்துக்கொண்டு, சீக்கிரம் மாற்றச் சொல்லி விட்டுவிட்டார்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவன் மனைவி பின்சீட்டில் இருந்திருக்கிறாள். அன்று இரவு ஃபோனில் அவன் குரலைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. ஐந்து வருஷம் நான் தள்ளிப்போட்டது அவன் தலையில் விழுந்திருக்கிறது.

இதோடு இங்கே ஒரு பிரச்சினை. இந்திய லைசென்ஸை வைத்துக்கொண்டு சிங்கப்பூரில் 12 மாதம்தான் ஓட்டலாம், அதற்குள் மாற்ற வேண்டும் என்கிறார்கள். எனக்கு அது ஆகஸ்ட் தொடக்கத்தில் முடிகிறது. அதே ஆகஸ்டில் ஊர் லைசென்ஸும் முடிகிறது. மகனுக்கு சனிக்கிழமை விடியற்காலையில் பூப்பந்துப் பயிற்சி. அதற்கு மட்டும் வாடகைக் கார் எடுத்து ஓட்டுகிறேன்.

ஆதாரில் என் முகவரி இன்னும் பெங்களூர் பழைய வீடு. லைசென்ஸிலும் ஆர்சியிலும் (வண்டிப் பதிவுச் சான்று) திருச்சி. இருப்பது சிங்கப்பூர். ஜூன் பள்ளி விடுமுறையில் மூன்று வாரம் ஊருக்குப் போகிறோம். இதில் எதை எங்கே எந்த வரிசையில் செய்வது? இந்திய லைசென்ஸைப் புதுப்பித்துவிட்டு இங்கே மாற்றுவதா, இங்கே மாற்றிவிட்டுப் புதுப்பிப்பதா? வண்டியைத் திருச்சிக்கே திருப்பி அனுப்புவதா, தம்பி பேருக்கு மாற்றுவதா? இந்த வழியில் போய் வந்தவர்கள் யாராவது சொன்னால் பெரிய உதவி.

தெம்பனிஸ் வாசி எழுதியது:

வண்டி விஷயம் எனக்குத் தெரியாது. இங்கே மாற்றும் விஷயம் சொல்கிறேன், ஏனென்றால் அதைத்தான் நீங்கள் முதலில் செய்ய வேண்டும். காரணம் சின்னது: கையில் செல்லுபடியாகும் வெளிநாட்டு லைசென்ஸ் இருந்தால்தான் மாற்றித் தருவார்கள். அது ஆகஸ்டில் முடிவதற்குள் இங்கே வேலையை முடித்துவிடுங்கள். புதுப்பித்து வந்து மாற்றலாம் என்று ஜூன் வரை காத்திருந்தால், ஊரில் அட்டை வர ஒரு மாதம் இழுத்தாலும் இரண்டும் போய்விடும்.

அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வு மட்டும் எழுத வேண்டும். கிளாஸ் 3 காருக்கு ஓட்டிக் காட்டச் சொல்வதில்லை. ஊபி, புக்கிட் பாத்தோக், உட்லண்ட்ஸ் மூன்று இடத்திலும் ஓட்டுநர் பள்ளிகள் இருக்கின்றன. எதில் வேண்டுமானாலும் தேர்வுக்குப் பதிந்துகொள்ளலாம், வகுப்பில் சேர வேண்டியதில்லை. 50 கேள்வி, 50 நிமிடம், 45 சரியாக இருக்க வேண்டும். ஐந்து தப்புக்குத்தான் இடம் என்பதை மறக்காதீர்கள். நான் 14 வருஷம் கோயம்புத்தூரில் ஓட்டியவள். அந்தத் தைரியத்தில் படிக்காமல் போனேன், 43 வந்தது. மறுபடி தேதி கிடைக்க நாட்கள் ஆயின. இரண்டாவது தடவை கையேட்டை வரிவரியாகப் படித்துவிட்டுப் போனேன், 48.

நம் ஊரில் ஓட்டியவர்களுக்குத் தடுக்குகிற இடங்களைச் சொல்கிறேன். பாதசாரிகள் கடக்கும் இடத்துக்கு முன்னால் சாலையில் வளைந்து வளைந்து வெள்ளைக் கோடு இருக்கும். அங்கே நிறுத்தக் கூடாது, முந்தக் கூடாது. மஞ்சள் கட்டத்துக்குள் வெளியேற வழி இல்லாமல் நுழையக் கூடாது. பேருந்துத் தடம் எந்த நேரம் யாருக்கு என்பது: சாதாரண மஞ்சள் கோட்டுத் தடம் வார நாட்களில் காலை 7.30 முதல் 9.30 வரை, மாலை 5 முதல் 8 வரை பேருந்துகளுக்கு. நிறுத்தத்திலிருந்து பேருந்து வெளியே வரும் இடத்தில் மஞ்சள் பெட்டி போட்டிருந்தால் வழிவிட்டே ஆக வேண்டும். பலகை எதுவும் இல்லாத சாலையில் வேகம் 50. உயரம் 1.35 மீட்டருக்குக் குறைந்த பிள்ளைக்குத் தகுந்த இருக்கை வேண்டும். உங்கள் மகன் வயது தெரியாது, பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் குற்றப் புள்ளிகள்: 24 மாதத்துக்குள் 24 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸை நிறுத்திவைப்பார்கள். இதெல்லாம் கேள்வியாக வரும்.

தேர்ச்சி பெற்ற பிறகு போக்குவரத்துக் காவல்துறைக்கு இணையத்தில் விண்ணப்பம். பாஸ்போர்ட், வேலை அனுமதி, இந்திய லைசென்ஸின் இரண்டு பக்கம், படம். கட்டணம் 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). நம் லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருப்பதால் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மார்ச்சுக்குள் தேர்வு எழுதிவிடுங்கள் அக்கா. ஒரு தடவை தவறினாலும் இடம் இருக்கும்.

மழைத்தூறல் எழுதியது:

இவ்வளவு பயப்பட வேண்டாம் என்று தோன்றுகிறது. பெங்களூரில் பாதி வண்டி வெளிமாநில நம்பர்தான். என் மச்சான் எட்டு வருஷமாக ஆந்திரா நம்பரில் ஓட்டுகிறான். கேட்டால் நேற்றுதான் வந்தேன் என்று சொல்லச் சொல்லுங்கள், முடிந்தது.

பழைய கியர் எழுதியது:

காவிரிக்கரை தங்கச்சி, நான் 2013-இலிருந்து புக்கிட் பாத்தோக்கில் இருக்கிறேன். அதற்கு முன் கோயம்புத்தூர், அப்புறம் கேரளா. நீங்கள் கேட்ட எல்லாவற்றிலும் ஒரு தடவை விழுந்து எழுந்தவன் என்பதால் பொறுமையாகவே எழுதுகிறேன்.

முதலில் மனதில் ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நீங்கள் லைசென்ஸையும் வண்டி நம்பரையும் ஒரே முடிச்சாகப் பார்க்கிறீர்கள், அதனால்தான் குழப்பம். லைசென்ஸ் ஆளோடு போகிறது. திருச்சியில் எடுத்தது இந்தியா முழுக்கச் செல்லும். பெங்களூரில் நான்கு வருஷம் திருச்சி லைசென்ஸில் ஓட்டினீர்களே, அதில் ஒரு தப்பும் இல்லை. நம்பர் அப்படி இல்லை. அது வண்டி எங்கே நிற்கிறதோ அந்த இடத்தோடு போகிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு, ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டி இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால் அங்கே புது நம்பர் வாங்க வேண்டும் என்கிறது. நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பது இதில் வரவே வராது.

மழைத்தூறல் தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். நேற்றுதான் வந்தேன் என்று சொல்வதற்கு நேற்றைய சுங்கச்சாவடி ரசீது வேண்டும். சுங்கக் கட்டணத்தைத் தானாகப் பிடிக்கும் ஃபாஸ்டாக் வந்த பிறகு வண்டி எந்தத் தேதியில் மாநில எல்லையில் அத்திப்பள்ளியைத் தாண்டியது என்பது கணக்கில் இருக்கிறது. அதைவிட முக்கியம், பொய்யைச் சொல்ல வேண்டியவர் இவர் இல்லை, கைக்குழந்தையோடு போகிற இவர் தம்பி. அந்தப் பையன் உண்மையைச் சொன்னான். அவனை அப்படியே இருக்க விடுவோம்.

இனி வண்டிக்கு இரண்டு வழி. வண்டியைத் திருச்சிக்கே அனுப்பினால் ஒரு பேப்பரும் வேண்டாம். டிஎன் 45 வண்டி தமிழ்நாட்டுக்குள் நிற்கிறது, அவ்வளவுதான். ஆனால் அங்கே அப்பா ஓட்டுவாரா? யாரும் ஓட்டாத வண்டி ஷெட்டில் நின்று பேட்டரி, டயர் எல்லாம் போய்விடும். தம்பிக்குத்தான் வேண்டும் என்றால் அவர் பேருக்கே மாற்றிவிடுங்கள். பேர் மாற்றத்தையும் நம்பர் மாற்றத்தையும் பெங்களூரில் சேர்த்தே செய்துவிடலாம். முதலில் உங்கள் பேரில் கர்நாடகா நம்பர், பிறகு தம்பி பேர் என்று இரண்டு தடவை அலையாதீர்கள்.

அதற்குத் திருச்சி ஆர்டிஓவிலிருந்து (வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்) தடையின்மைச் சான்று வேண்டும். படிவம் 28. எல்லாரும் என்ஓசி என்றுதான் சொல்வார்கள். அதில் எந்த ஆர்டிஓவுக்கு வண்டி போகிறது என்று எழுத வேண்டும். இங்கேதான் நான் விழுந்தேன். 2011-இல் கோயம்புத்தூரிலிருந்து டிஎன் 38 வண்டியைக் கொச்சிக்குக் கொண்டுபோனேன். கொச்சி என்றால் எர்ணாகுளம்தானே என்று கேஎல் 07-க்கு எழுதி வாங்கினேன். வாடகை வீடு கிடைத்தது ஆலுவாவில். ஆலுவா கேஎல் 41. அங்கே வாங்கமாட்டோம் என்றார்கள், சரியாகத்தான் சொன்னார்கள். மறுபடி கோயம்புத்தூர் போய்ச் சான்றை மாற்றி வாங்கி வந்தேன். இரண்டு நாள் விடுப்பும் ரயில் செலவும் போயின. உங்கள் தம்பி வீடு எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் என்றால் அநேகமாகக் கேஏ 51. ஆனால் அநேகமாக என்பதை நம்பாதீர்கள். வாடகை ஒப்பந்தத்தில் இருக்கும் முகவரியை வைத்து எந்த ஆர்டிஓ என்று அவர் நேரில் கேட்டு உறுதி செய்த பிறகு படிவத்தை நிரப்புங்கள். வீடு மாறுகிற எண்ணம் இருந்தால் மாறிய பிறகு செய்யுங்கள்.

சான்று கேட்பதற்கு முன் மூன்று விஷயத்தைத் துடைத்து வையுங்கள். ஒன்று, வண்டி பேரில் நிலுவை அபராதம். போக்குவரத்து அபராதம் பார்க்கும் ஈ-சலான் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். சிக்னல் கேமராவில் விழுந்த 500 ரூபாய் உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். அது இருக்கும்வரை சான்று நகராது. இரண்டாவது கடன். வண்டியைக் கடனில் வாங்கினீர்களா என்று எழுதவில்லை. வாங்கியிருந்தால், அடைத்து முடித்திருந்தாலும், ஆர்சியில் வங்கிப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசித் தவணை கட்டியவுடன் அது தானாக அழிந்துவிடும் என்று நானும் நினைத்திருந்தேன். அழியாது. வங்கி கொடுக்கும் கடிதத்தோடு படிவம் 35 கொடுத்து நாம்தான் நீக்க வேண்டும். நான் கடன் அடைத்து இரண்டு வருஷம் கழித்துப் போனால், என் கணக்கு இருந்த கிளையையே வேறு ஊருக்கு மாற்றியிருந்தார்கள். அந்த ஒரு கடிதத்துக்கு ஏழு வாரம் ஆனது. தடையின்மைச் சான்றுக்கு நான் காத்திருந்தது அதைவிடக் குறைவு.

மூன்றாவது, செல்பேசி எண். இது உங்களைப்போல வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு மிக முக்கியம். இப்போது எல்லாமே பரிவாஹன் என்ற அரசுப் போக்குவரத்துத் தளத்தில் ஓடிபி வைத்துத்தான் நடக்கிறது. வண்டி வாங்கும்போது பல ஷோரூம்களில் அவர்கள் ஆளின் நம்பரையே போட்டுவிடுவார்கள். உங்கள் வண்டிக்கு அங்கே வாஹனில் (வண்டிப் பதிவேடு) எந்த நம்பர் இருக்கிறது என்று பாருங்கள். தவறாக இருந்தால் சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர், பதிவுத் தேதி கொடுத்து அங்கேயே மாற்றலாம். உங்கள் ஊர் சிம் உயிரோடு இருக்கட்டும், மாதாமாதம் ரீசார்ஜ் செய்துவிடுங்கள். அது செத்தால் இந்தக் காரியம் முழுவதும் நின்றுவிடும்.

சான்று கேட்டு விண்ணப்பித்தால் 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், அல்லது ஏன் இல்லை என்று எழுத்தில் சொல்ல வேண்டும் என்று சட்டத்தின் 48-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. இதைச் சண்டை போடச் சொல்லவில்லை. மரியாதையாகக் கேட்கும்போது நமக்குத் தெரிந்திருந்தால் நல்லது.

சான்று கைக்கு வந்ததும் பேர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். ஜூனில் ஊருக்குப் போகிறீர்கள் அல்லவா, அதற்குள் சான்று வாங்கி வைத்தால் நேரிலேயே போட்டுவிடலாம். புது நம்பருக்குப் படிவம் 27. வெளிமாநிலத்துக்குப் பேர் மாறினால் விற்றவர் தெரிவிக்க 45 நாள் அவகாசம், தம்பி பேருக்குக் காப்புறுதியை மாற்றக் கேட்க 14 நாள். காப்புறுதியை மறந்துவிடாதீர்கள். வண்டி ஒருவர் பேரிலும் பாலிசி இன்னொருவர் பேரிலும் இருந்தால், விபத்து நடந்த அன்று நிற்கவே இடம் இருக்காது. ஃபாஸ்டாக்கும் புது நம்பருக்கு மாற்ற வேண்டும்.

இப்போது பணம். கர்நாடகாவில் ஆயுள் வரி கட்டச் சொல்வார்கள். அங்கே 5 முதல் 10 லட்சம் வரையிலான புது வண்டிக்கு 14 சதவிகிதம், வண்டிக்கு வயது ஆக ஆகக் குறையும். உங்களுடையதற்கு ஏழு வயது, அதனால் கணிசமாகக் குறையும். ஆனாலும் கைச்செலவுதான். 2019-இல் தமிழ்நாட்டில் நீங்கள் 10 சதவிகிதம் கட்டியிருப்பீர்கள். அது 15 வருஷத்துக்கான வரி. மீதி வருஷங்களுக்கு உரியதைத் திருப்பிக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். கர்நாடகா ஆர்சி வந்த பிறகு அதன் நகலோடு திருச்சி ஆர்டிஓவில் விண்ணப்பிக்க வேண்டும். இதை நான் செய்யவில்லை. ஆலுவாவில் நம்பர் வாங்கிய அலைச்சலில் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளினேன். 2013-இல் இங்கே வந்துவிட்டேன். அந்த ரசீது இன்னும் என் பீரோவில் இருக்கிறது. என் அப்பா ஓய்வூதியத்திலிருந்து கொடுத்த பணம் அது. இன்றைக்கும் அதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நீங்கள் திருச்சியில் யாரையாவது இப்போதே பொறுப்பாக வைத்துவிடுங்கள்.

லைசென்ஸுக்கு வருகிறேன். தெம்பனிஸ் வாசி சொன்னதை அப்படியே செய்யுங்கள்: முதலில் சிங்கப்பூர், அப்புறம் ஊர். இங்கே கெடு தாண்டி ஓட்டுவதை லேசாக நினைக்காதீர்கள். செல்லாத உரிமத்தோடு ஓட்டினால் 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்று வருஷம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்க இடம் இருக்கிறது. வேலை அனுமதியில் இருப்பவருக்கு அதற்கப்புறம் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகஸ்ட் வந்து கையில் சிங்கப்பூர் லைசென்ஸ் இல்லை என்றால் பூப்பந்துப் பயிற்சிக்கு டாக்சியில் போங்கள்.

ஊர் லைசென்ஸை ஜூனிலேயே புதுப்பிக்கலாம். முடியும் தேதிக்கு ஒரு வருஷம் முன்பிருந்தே விண்ணப்பிக்க விடுகிறார்கள். முடிந்த பிறகும் ஒரு வருஷம் அவகாசம் உண்டு, அதைத் தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். உங்களுக்கு 40 ஆகிவிட்டது என்றால் படிவம் 1ஏ, மருத்துவர் சான்று வேண்டும். புதுப்பித்தால் பத்து வருஷம் கிடைக்கும். ஆனால் போவதற்கு முன்பே லைசென்ஸ் பதிவுகள் இருக்கும் சாரதி தளத்தில் உங்கள் லைசென்ஸ் எண்ணைப் போட்டுப் பாருங்கள். 2006-இல் கொடுத்தவை சில கணினியில் ஏறாமலே இருக்கும். அப்படி இருந்தால் அப்பாவையோ தெரிந்தவரையோ இப்போதே ஆர்டிஓவுக்கு அனுப்பி, பழைய பதிவை ஏற்றச் சொல்லுங்கள். விடுமுறையின் மூன்று வாரத்தில் அதற்கு நேரம் போதாது.

ஆதாரில் பெங்களூர் முகவரி இருப்பதுதான் உங்கள் மூன்று முகவரிச் சிக்கலின் வேர். நீங்கள் அந்த வீட்டுக்குத் திரும்பப் போவதில்லை. அதைத் திருச்சிக்கு மாற்றுங்கள். 2023-இலிருந்து குடும்பத் தலைவர் மூலமாக மாற்றும் வழி இருக்கிறது: உங்கள் அப்பாவுக்கும் உங்களுக்கும் உள்ள உறவைக் காட்டும் ஆவணத்தை ஏற்றினால், அப்பாவின் ஆதாரில் ஒப்புதல் கேட்கும், 30 நாளுக்குள் அவர் சம்மதிக்க வேண்டும். இங்கிருந்தே செய்யலாம். அது மாறிவிட்டால் ஆதார், லைசென்ஸ், ஆர்சி மூன்றும் ஒரே வீட்டைக் காட்டும். அப்புறம் திருச்சியில் எந்த வேலையும் தடைபடாது.

பொங்கோல் தென்றல் எழுதியது:

இடையில் ஒன்று. என் அண்ணன் மத்திய அரசு வேலை, மூன்று வருஷத்துக்கு ஒரு மாநிலம். 2022-இல் வாங்கிய வண்டிக்கு பிஎச் (பாரத் வரிசை) நம்பர் எடுத்தார். 2021 செப்டம்பரில் வந்த திட்டம் அது. நம்பர் 22 பிஎச் என்று ஆரம்பிக்கும், மாநிலம் மாறினாலும் மாற்ற வேண்டியதில்லை. வரியை இரண்டிரண்டு வருஷமாகக் கட்டுகிறார். தம்பிக்கு அது கிடைக்குமா என்று பார்க்கலாமே? தனியார் நிறுவனம் என்றாலும் நான்கு மாநிலங்களில் அலுவலகம் இருந்தால் தருகிறார்கள்.

பழைய கியர் எழுதியது:

நல்ல யோசனைதான். தம்பி அடிக்கடி மாநிலம் மாறுகிற வேலையில் இருந்தால் பார்க்கலாம். ஏற்கெனவே பதிந்த வண்டியையும் பிஎச்சுக்கு மாற்ற 2022 டிசம்பரில் வழி வைத்தார்கள். ஆனால் அவர் பெங்களூரிலேயே இருக்கப்போகிறார், வண்டிக்கு ஏழு வயது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வரித் தேதியை நினைவில் வைப்பதைவிட ஒரே தடவை கட்டி முடிப்பது அவருக்கு நிம்மதி என்பது என் எண்ணம்.

சிங்கப்பூரில் இருந்து பழகியவர்களுக்கு இதெல்லாம் விசித்திரமாகத் தெரியும். இங்கே ஜூரோங்கிலிருந்து தெம்பனிஸுக்கு வீடு மாறினால் 28 நாளுக்குள் அடையாள அட்டை முகவரியை மாற்றுகிறோம், வண்டி நம்பரை யாரும் தொடுவதில்லை. இந்தியாவில் வண்டி வரி மாநிலத்தின் வருமானம். சாலையைப் போடுகிற மாநிலம், என் சாலையில் ஓடுகிற வண்டி எனக்கு வரி கட்டட்டும் என்று கேட்கிறது. அதை நான் நியாயம் என்றுதான் நினைக்கிறேன். பழைய மாநிலம் மீதியைத் தானாகவே புது மாநிலத்துக்கு அனுப்பிவைத்தால் போதும், பாதி அலைச்சல் குறைந்துவிடும்.

மழைத்தூறல் எழுதியது:

அண்ணே, நீங்கள் சொன்ன பிறகு மச்சானுக்கு ஃபோன் செய்தேன். வண்டிக்குப் பதினோரு வயது ஆகிவிட்டதாம், விற்கலாம் என்று பார்த்தால் வாங்க வருபவர்கள் எல்லாம் முதலில் என்ஓசி கேட்கிறார்களாம். கடன் பேரும் ஆர்சியில் அப்படியே இருக்கிறதாம். படிவம் 35 பற்றி அவனிடம் சொன்னேன். காவிரிக்கரை அக்கா, நான் முதலில் எழுதியதை மன்னித்துவிடுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

மன்னிப்பெல்லாம் வேண்டாம் தம்பி. ஐந்து வருஷம் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பழைய கியர் அண்ணா, தெம்பனிஸ் அக்கா, எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சாரதியில் என் லைசென்ஸ் இருக்கிறது, முகமும் 20 வயசு முகமாகவே இருக்கிறது. ஈ-சலானில் ஒரு அபராதம் நிலுவை, 2023 ஜூலை, சில்க் போர்டு சிக்னல். அன்று ஓட்டியது நான்தான். கட்டிவிட்டேன். வாஹனில் இருக்கும் செல்பேசி எண் யாருடையது என்றே தெரியவில்லை. அண்ணா சொன்னது சரி. அதை மாற்றுவதற்கு எஞ்சின் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கிறேன், ஆர்சி பிரதி பெங்களூரில் தம்பியிடம் இருக்கிறது. கடன் வாங்கவில்லை, அந்த ஒரு சிக்கல் இல்லை.

தேர்வுக்கு மார்ச் 12 தேதி கிடைத்தது, ஊபியில். அலுவலகத்திலிருந்து எம்ஆர்டியில் போய்விடலாம். கையேட்டை மகன் கையில் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொல்லியிருக்கிறேன். வளைந்த கோட்டில் இரண்டு தடவை தப்பாகச் சொன்னேன். மகன் உயரம் 1.31 மீட்டர், இன்று காலை சுவரில் நிறுத்தி அளந்தேன். வாடகைக் கார் எடுக்கும்போது இனி அவனுக்கான இருக்கையையும் சேர்த்துக் கேட்பேன்.

அப்பாவிடம் ஆதார் ஒப்புதல் பற்றிப் பேசினேன். மறுபடி உறையூர் வீட்டு முகவரிக்கே வருகிறாயா என்று கேட்டார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. வரி திரும்ப வாங்குவதைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். ஆர்டிஓவுக்கு நடந்தே போய்விடலாம், எனக்கும் பொழுது போகும் என்கிறார். வயது 71. வெயிலுக்கு முன்னால் போகச் சொல்லியிருக்கிறேன்.

தம்பி வீட்டுக்கார அம்மாவிடம் பேசி வாடகை ஒப்பந்தத்தை இரண்டு வருஷத்துக்கு நீட்டிக்கொண்டான். கேஏ 51-தான் என்று நேரில் கேட்டு வந்துவிட்டான். சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்துத் தாளில் எடுக்க வேண்டுமாமே, இன்று எடுத்துப் படம் அனுப்பினான். கடைசி எழுத்துக்கு முந்தியது 3-ஆ 8-ஆ என்று சரியாகத் தெரியவில்லை. இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு நாளைக் காலை வெளிச்சத்தில் மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.